ஜப்பான் மூளை ஊசி

புள்ள கணக்குல கோட்டை விட்டா அதுக்கு மைக்செட்காரன் என்னா சார் பண்ணுவான்? நீங்களே சொல்லுங்க. பார்த்தா படிச்சவரு மாதிரி இருக்கீங்க, நாயத்தச் சொல்லுங்க. உக்காருங்க, உக்காருங்க, இவள நான் மடியில வெச்சிக்கறேன். விருத்தாசலம் போற வரைக்கும் இவளுக்கு எதுக்குத் தனி சீட்டு. எம் பொண்ணுதான். பேரு இசையரசி, ஒன்னாவது படிக்கறா. மைக்செட் வெச்சிருக்கறவன் பொண்ணு, அதனால இசையரசி. எங்கப்பா எனக்கு வெச்ச பேரு அஞ்சாபுலி. எங்க பக்கம் அந்தப் பேரெல்லாம் உண்டு, நீங்க சிரிக்க வேணாம். பூவனேரிக்குப்பத்துல எறங்கி அஞ்சாபுலி ஒலி ஒளி அமைப்பு எங்கன்னு கேட்டா கைக்கொழந்தகூட வழி காட்டும்.

காட்டும்னு சொல்றேன், இப்பக் காட்டுதான்னு தெரியல. அரையாண்டுப் பரிச்ச மார்க்கு வந்ததுல இருந்து ஊர்ல பாதிப் பேரு எங்கிட்டப் பேசறதில்ல. மீதிப் பேரு பேசறாங்க, அதுக்கு அவங்களும் பேசாமலே இருக்கலாம். போன வாரம் பூங்காவனம்னு ஒரு அம்மா, ரேங்க் கார்டத் தூக்கிக்கிட்டு எங்க வாசலுக்கே வந்துடிச்சி. "ஏம்பா, எம் பையன் நித்தீஷு இங்கிலீஷ்ல எட்டு மார்க்கு. ஊசிக்கு முன்னாடி பன்னெண்டு மார்க்காவது வாங்கிக்கிட்டு இருந்தான். இதான் நீ சொன்ன ஜப்பான் மூளையா?"ன்னு கேக்குது. நான் என்னா சொல்லட்டும்? நான் டாக்டரா, வாத்தியாரா? எழுதிக் குடுத்தத மைக்ல சொல்றவன்.

ஆதியில இருந்து சொல்றேன், அப்பதான் எம் பக்கத்து நாயம் உங்களுக்குப் புரியும்.

போன ஐப்பசி மழையில, எங்களுக்குப் பக்கத்து ஊர்ல ஒரு பையனுக்குக் காய்ச்சல். சாதாக் காய்ச்சல்னு கஷாயம் குடுத்திருக்காங்க. அப்புறம் வலிப்பு வந்து, நெனவு தப்பி, தூக்கிக்கிட்டு ஓடியிருக்காங்க. பையன் பொழைச்சிக்கிட்டான். ஆனா பழைய பையன் இல்ல. அத அப்புறம் சொல்றேன். அதுக்கப்புறம்தான் எங்க நர்சம்மா, ஜெசிந்தான்னு பேரு, ஸ்கூட்டியில வந்து எறங்கினாங்க. நாலு ஊருக்கும் சேர்த்து அவங்க ஒருத்தருதான். "அஞ்சாபுலி, பள்ளிக்கூடத்துல தடுப்பூசி முகாம். ஒரு வயசுல இருந்து பதினஞ்சு வயசு வரைக்கும் ஒரு புள்ள விடக் கூடாது. தெருத்தெருவா சொல்லிட்டு வா"ன்னு சொல்லி ஒரு துண்டுச் சீட்டு குடுத்தாங்க. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் தடுப்பூசி. அதான் வாசகம்.

இப்ப எந் தொழிலப் பத்தி ஒன்னு சொல்லணும். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கட்டுற கொழாய் ஸ்பீக்கரு சார் அது. காலங்காத்தால ஒருத்தர் வாசல்ல ஆட்டோவ நிறுத்தி, காய்ச்சல் காய்ச்சல்னு கத்தினா நல்லாவா இருக்கும்? கேக்கறவங்க மனசு என்னா பாடு படும்? அதனால அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் மூஞ்சத் திருப்பிக்கிட்டு, மெதுவாச் சொன்னேன். சொன்னேன் சார். சொல்லலன்னு எவனும் சொல்ல முடியாது. அம்மன் மேல சத்தியமா சொன்னேன்.

அப்புறம் எக்கோ. எங்கிட்ட ஒரு எக்கோ மிஷின் இருக்குது. எம் மச்சான் சேலத்துல இருந்து வாங்கியாந்தது. இந்தச் சுத்துப்பட்டுல வேற யாருகிட்டயும் கெடையாது. சின்னதா ஒரு குமிழு, அத ஒரு திருகு திருகினா நீங்க பேசறது கெணத்துக்குள்ள இருந்து சாமி பேசற மாதிரி வரும். சர்க்காரு வேலையாச்சே, குறை வெக்கக் கூடாதுன்னு குமிழ முழுசாத் திருகிட்டேன். அதுல என்னா ஆயிப்போச்சின்னா, "அன்பார்ந்த தாய்மார்களே, ஜப்பான்... பான்... பான்... மூளை... மூளை... மூளை..." அந்த மூளை அடங்கறதுக்குள்ள தடுப்பு போயே போயிடிச்சி. அப்புறம் "ஊசி... சி... சி... இலவசம்... வசம்... வசம்". கொரலு என்னமோ அருமையா இருந்திச்சி. எனக்கே புல்லரிச்சிப் போச்சி.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போறேன், தேர்த் திருவிழாக் கூட்டம். அவங்க வாழ்நாள்ல அப்படி ஒரு கூட்டம் பார்த்ததில்லன்னு நர்சம்மாவே சொன்னாங்க. ஊசின்னா புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு கொல்லப் பக்கம் ஓடற ஊரு சார் எங்க ஊரு. அன்னிக்கி அடிச்சிப் புடிச்சிக்கிட்டு நிக்குது. "எம் புள்ளைக்கு மொதல்ல, எம் புள்ளைக்கு மொதல்ல". ரெண்டு கையிலயும் போடச் சொல்லி ஒருத்தி. போலீஸ் வேலைக்குப் படிக்கற ஒருத்தன் மீசைய வழிச்சிட்டு வந்து பதினஞ்சு வயசுன்னு வரிசையில நிக்கறான். இன்னொரு அம்மா நர்சம்மா காதுகிட்டப் போயி, "எங்க மாப்பிளைக்கு ஒன்னு தனியாக் குடும்மா, கொழம்புல கலந்து ஊத்திடறேன்"னு கேக்குது. எங்க ஊரு மெம்பரு எங்கிட்ட வந்து, "ஏம்பா, அமெரிக்கா மூளை வரலியா? அது இதவிடக் கொஞ்சம் பெருசா இருக்குமே"ன்னாரு. எனக்கு ஒன்னும் புரியல. நல்லா கூவினோம், கூட்டம் வந்திருக்குது, அவ்வளவுதான்னு நெனச்சேன்.

சாயங்காலமா இந்தப் பூங்காவனம்தான் குட்டைப் போட்டு உடைச்சிது. "நர்சம்மா, இந்த ஜப்பான் மூளை எப்ப வேல செய்ய ஆரம்பிக்கும்? அரையாண்டுக்குள்ள செஞ்சிடுமா?"

நர்சம்மா கையில இருந்த பஞ்ச கீழ வெச்சிட்டு, அப்படியே எழுந்து நேரா எங்கிட்ட வந்தாங்க. "அஞ்சாபுலி, ஆட்டோவ விட்டு எறங்கு"ன்னாங்க. எறங்கினேன். அதுக்கப்புறம் அவங்க பேசினத எல்லாம் பொண்ணு மடியில இருக்கறப்ப சொல்ல முடியாது.

அப்புறம் கோவம் தணிஞ்சி உக்கார வெச்சி வெளக்கினாங்க. இது கொசுவால வர்ற நோவு. ஜப்பான்ல மொதல்ல கண்டுபுடிச்சதால அந்தப் பேரு, மத்தபடி ஜப்பானுக்கும் நமக்கும் ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்ல. நெல்லு வயல்ல நிக்கற தண்ணியில வளர்ற கொசுவாம். பன்னியக் கடிக்கும், கொக்கு நாரையக் கடிக்கும், அங்க இருந்து கிருமிய எடுத்துக்கிட்டுப் பொழுது சாய நம்மளக் கடிக்கும். கடிச்ச எல்லாருக்கும் வந்துடாது. நூத்துக்கணக்கான பேரு ஒடம்புல கிருமி போனா ஒருத்தருக்குத்தான் மூளைக்கு ஏறும். ஆனா ஏறிடிச்சின்னா அதுக்குன்னு மருந்து கெடையாது. மூணு பேருல ஒருத்தரு போயிடலாம். மிச்சம் இருக்கறவங்கள்லயும் பல பேரு பழையபடி ஆவறதில்ல. அதனாலதான் வர்றதுக்கு முன்னாடியே ஊசி.

நான் இதுல மொதப் பாதிய நல்லாப் புடிச்சிக்கிட்டேன் சார். நூத்துக்கணக்கான பேருல ஒருத்தரு. எனக்குக் கணக்குல சின்ன வயசுல இருந்தே ஒரு இது உண்டு.

சரி, மறுநாள் எக்கோவ நிறுத்திட்டு, சீட்டுல இருக்கறத இருக்கறபடியே சொல்லிக்கிட்டுப் போனேன். இது அறிவு ஊசி இல்ல, காய்ச்சலுக்குத் தடுப்பூசி, மீதிப் புள்ளைங்களயும் கூட்டியாங்கன்னு. என்னா ஆச்சின்றீங்க? ஒரு ஈ காக்கா வரல. மொத நாளு அடிச்சிக்கிட்டு வந்த ஊரு. "ஜப்பான்காரனுக்கு வர்ற நோவு நமக்கு எதுக்கு"ன்னு ஒருத்தன். "எங்க தெருவுல பன்னியே இல்ல"ன்னு ஒருத்தன். அவன் வயல்ல கொக்கு உக்காந்து வெள்ள வேட்டி காயப் போட்ட மாதிரி இருக்குது, அத நான் சொன்னா கேப்பானா? பொய்யச் சொன்னப்ப வந்தாங்க, உண்மையச் சொன்னா வரல. இதுல எந் தப்பு எங்க இருக்குது?

அன்னிக்கிச் சாயங்காலம் நர்சம்மா மைக்க எங் கையில இருந்து வாங்கிட்டாங்க. கோயிலுக்கு எதுக்க ஆட்டோவ நிறுத்தச் சொல்லி, அவங்களே பேசினாங்க. பேச்சுன்னு சொல்ல முடியாது. ஏத்தம் எறக்கம் ஒன்னும் இல்ல, ஒரு வணக்கம்கூட வெக்கல. பக்கத்து ஊருப் பையன் இருக்கானே, அவனப் பத்தி மட்டும் சொன்னாங்க. "அவன் ஆஸ்பத்திரியில இருந்து வந்துட்டான். நடக்கறான். சோறு ஊட்டினா முழுங்கறான். அவங்க அம்மா எதுக்க வந்து நின்னா பாக்கறான். ஆனா அம்மான்னு கூப்பிட மறந்துட்டான். தெனமும் அந்தத் தாயி அவன் எதுக்க உக்காந்து, அம்மா சொல்லு, அம்மா சொல்லுன்னு சொல்லிக் குடுக்குது. இது நூத்துக்கணக்கான பேருல ஒருத்தருக்குத்தான் வரும். அந்த ஒருத்தருக்கும் ஒரு அம்மா இருக்கா." அவ்வளவுதான். மைக்கக் குடுத்துட்டு ஸ்கூட்டிய எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க.

நான் துண்டால கண்ணத் தொடச்சிக்கிட்டேன். ஆம்ப்ளிஃபயர் பெட்டி சூடாயி பொகை வருதோன்னுகூட பார்த்தேன்.

அடுத்த நாளு மிச்சம் இருந்த புள்ளைங்க அத்தனையும் வந்திடிச்சி. ஒன்னு விடாம. இதுல நர்சம்மா பேச்சு இருக்குது, நான் இல்லன்னு சொல்லல. ஆனா மைக்கு யாருது?

என்னா கேட்டீங்க? இவளுக்குப் போட்டாச்சான்னா?

இங்க பாருங்க சார், நீங்க கேக்கறது சரிதான். எம் பொண்டாட்டி மலர்க்கொடி முந்திரிக் கம்பெனிக்கு வேலைக்குப் போறவ. போறப்பவே சொல்லிட்டுத்தான் போனா, புள்ளைய மறக்காம கூட்டிட்டுப் போன்னு. நானும் கடைசி நாளு கூட்டிட்டுத்தான் போனேன். வரிசையில நின்னேன். எங்களுக்கு முன்னாடி நின்ன புள்ளைக்கு ஊசிய எடுத்தாங்க பாருங்க, இவ பார்த்துட்டா. எங் காலக் கட்டிக்கிட்டு, "அப்பா, வேணாம்ப்பா, வேணாம்ப்பா"ன்னு ஒரே அழுகை. இவ அழுது நான் பார்த்ததே கம்மி. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. நான் ஊசியப் பார்த்து பயந்தேன்னு நெனச்சிக்காதீங்க. அன்னிக்கி எனக்குக் காலையில இருந்தே தலை சுத்தல்.

சரின்னு வெளிய கூட்டியாந்து ஒரு ஐஸ் வாங்கிக் குடுத்தேன். உடனே சிரிச்சிட்டா. வீட்டுக்குப் போனதும் மலரு கேட்டா, போட்டாச்சான்னு. ஆச்சின்னேன். ஆச்சின்னா என்னா அர்த்தம்? போயி வந்தாச்சி, அதான. அம்மாகிட்ட சொல்லலன்னா தெனம் ஒரு ஐஸ்னு புள்ளைகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வெச்சிருந்தேன், அவளும் கைய இப்படித் தடவிக் காமிச்சா. கெட்டிக்காரி. இவளுக்கு ஜப்பான் மூளை எதுக்கு?

அதுவும் இல்லாம நான் கணக்குப் போட்டுத்தான் முடிவு பண்ணேன். நூத்துக்கணக்கான பேருல ஒருத்தரு. ஊரே ஊசி போட்டுக்கிச்சி. அப்ப அந்தக் கிருமி ஊருக்குள்ள எங்க தங்கும்? எடம் ஏது? தங்க எடம் இல்லாதது எம் பொண்ணு ஒருத்தியத் தேடிக்கிட்டா வரும்? ஊருல மத்தவனெல்லாம் மூளை வளரும்னு போட்டான். இது எதுக்கு ஊசின்னு மொதல்ல தெரிஞ்சிக்கிட்டவனே நாந்தான் சார். தெரிஞ்சதாலதான் போடல.

ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க? நர்சம்மாவும் இப்படித்தான் பார்த்தாங்க.

போன வாரம்தான் அது. பூங்காவனம் ரேங்க் கார்டோட வந்து கத்திட்டுப் போச்சே, அன்னிக்கிப் பொழுது சாய இவளுக்குக் காய்ச்சல் வந்திடிச்சி. ஒடம்பு அடுப்பாட்டம் கொதிக்குது. கண்ணு செருகுது. என்னமோ ஒளர்றா, பூன வந்திச்சி, பூன வந்திச்சின்னு. எங்க வீட்டுல பூனையே கெடையாது. மலரு தண்ணியத் தொட்டுத் தொட்டு நெத்தியில வெக்கறா. "இசை, அம்மாவப் பாரு, இசை"ன்னு கூப்பிடறா. இவ திரும்பிப் பாக்கல. எனக்குச் சட்டை போட்டமா இல்லியான்னுகூடத் தெரியல, தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு ஓடி, மலரையும் ஏத்திக்கிட்டு நர்சம்மாவோட சின்ன ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவ விட்டேன். ஆட்டோவுல மேல கொழாய் அப்படியே இருக்குது. வழியெல்லாம் எனக்குக் காதுல ஒன்னுதான் கேக்குது. அந்த நர்சம்மா சொன்னது. அம்மான்னு கூப்பிட மறந்துட்டான்னு சொன்னாங்களே, அது. எக்கோ போட்ட மாதிரி திரும்பத் திரும்ப. நான் குமிழத் தொடவே இல்ல சார். வண்டிய ஓட்டிக்கிட்டே, "அப்பான்னு சொல்லும்மா, ஒரு தடவ அப்பான்னு சொல்லும்மா"ன்னு கெஞ்சிக்கிட்டுப் போறேன். பேரு அஞ்சாபுலி. அன்னிக்கி வழியில தெரிஞ்ச கோயிலுக்கெல்லாம் வேண்டிக்கிட்டேன்.

நர்சம்மா வாயத் தொறந்து பார்த்தாங்க, கழுத்தத் தொட்டுப் பார்த்தாங்க. தொண்டையில புண்ணு. அவ்வளவுதான். "யாரு இவளுக்குத் தெனமும் ஐஸ் வாங்கிக் குடுக்கறது?"ன்னு கேட்டாங்க. நான் செவுத்துல ஒட்டியிருந்த படத்தப் பார்த்தேன். மருந்து குடுத்துக் கொஞ்ச நேரத்துல காய்ச்சல் எறங்கிச்சி. கண்ணத் தொறந்து, "அப்பா, சட்ட எங்க?"ன்னு கேட்டா. அங்கேயே உக்காந்து அழுதுட்டேன் சார், அத மறைக்கறதுக்கு என்னா இருக்குது.

அப்பதான் மலரு நிம்மதியா மூச்சு விட்டுட்டு, "நல்லவேள, அந்த ஊசியப் போட்டிருந்தோம். இல்லன்னா நான் பயத்துலயே செத்திருப்பேன்"னா. நர்சம்மா என்னப் பார்த்தாங்க. நான் படத்தப் பார்த்தேன். மலரு தண்ணி புடிக்க வெளிய போனதும் மெதுவாக் கேட்டாங்க. "அஞ்சாபுலி, உம் பொண்ணு கையத் தொட்டு ஊசி போட்ட ஞாபகம் எனக்கு இல்லியே?"

"அன்னிக்கிக் கூட்டம் நர்சம்மா, நீங்க மறந்திருப்பீங்க"ன்னேன்.

"இருக்கும்"னாங்க. அப்புறம் பொதுவாச் சொல்ற மாதிரி, "இந்த நோவு ஆளுகிட்ட இருந்து ஆளுக்கு வர்றது இல்லப்பா. ஊரே ஊசி போட்டாலும் கொக்கு போட்டுக்காது, பன்னி போட்டுக்காது. போடாத புள்ளைக்கு ஊரு போட்ட ஊசி காவல் நிக்காது"ன்னாங்க. பொதுவாத்தான் சொன்னாங்க. நானும் பொதுவாத்தான் கேட்டுக்கிட்டேன். ஆனா அன்னில இருந்து பொழுது சாஞ்சா எனக்கு இருப்புக் கொள்ளல. எங்க ஒரு கொசு பறந்தாலும் எந்திரிச்சி அடிக்கறேன். வீட்டுக்கு எதுக்க வயல்ல கொக்கு வந்து உக்காந்தா கைய வீசி வெரட்டறேன். "அது உன்ன என்னா பண்ணிச்சி"ன்னு மலரு கேக்கறா.

நர்சம்மாகிட்ட இவள இப்பக் கூட்டிட்டுப் போயி ஊசி போடச் சொல்ல முடியுமா? நீங்களே யோசிங்க. ஏற்கனவே ஜப்பான் மூளைன்னு சொல்லி ஏமாத்தினான்னு ஊரு கொதிக்குது. ஊருக்கெல்லாம் கூவினவன் சொந்தப் பொண்ணுக்குப் போடலன்னு தெரிஞ்சா, ஆட்டோவோட சேர்த்து என்னையும் கொளுத்திடுவாங்க. அதுக்கு முன்னாடி மலரு கொளுத்திடுவா.

சரி, கெட்டது நடந்தா நல்லதும் நடக்கும்ல? முந்தாநாள் நர்சம்மா வந்தாங்க. "அஞ்சாபுலி, ஒரு புள்ள விடாம வந்ததுக்கு உனக்கு விருத்தாசலம் பெரியாஸ்பத்திரியில சால்வ போடறாங்க, புதன்கிழம வந்துடு"ன்னாங்க. பாருங்க, ஊரு மதிக்கலன்னாலும் டவுனு மதிக்குது. பொண்ணையும் கூட்டியாரச் சொன்னாங்க, போட்டோ எடுக்கணுமாம். மலருகிட்ட இப்ப சொல்ல வேணாம், சால்வையோட போயி நின்னா ஆச்சரியப்படுவான்னும் அவங்கதான் சொன்னாங்க. அதான் இந்தப் பயணம்.

என்னா சார், சிரிக்கறீங்க? ஆமா, ஆஸ்பத்திரியில எல்லாப் புள்ளைங்களுக்கும் ஊசி போடற நாளு புதன்கிழமதான், எனக்குத் தெரியாதா? அவங்களுக்கு அன்னிக்கித்தான் தோதுப்பட்டிருக்கும். பொண்ணுக்குக் கையில்லாத கவுனு போட்டுக் கூட்டியாரச் சொன்னாங்க, போட்டோவுக்கு அதான் எடுப்பா இருக்கும். வயிறு நெறைய சாப்பிட வெச்சிக் கூட்டியாரச் சொன்னாங்க. காய்ச்சல் விட்டு நல்லாயிட்டாளான்னு ரெண்டு தடவ கேட்டாங்க. மூஞ்சி வாடியிருந்தா படத்துல நல்லா இருக்காது, அதுக்குத்தான். போட்டோ எடுத்து முடிச்சி அர மணி நேரம் அங்கேயே உக்காந்துட்டுத்தான் கெளம்பணும்னாங்க. அதுக்கு மட்டும் காரணம் எனக்குத் தெரியல. டீ கீ குடுப்பாங்களா இருக்கும்.

இந்தாங்க, இவ முழிச்சிக்கிட்டா. என்னாம்மா? சத்தமா கேளு, அந்த மாமாவுக்கும் கேக்கட்டும். போட்டோ எடுத்தா வலிக்குமான்னு கேக்கறா சார். இந்த வயசுல என்னா கேள்வி பாருங்க. வலிக்காதும்மா தங்கம். எறும்பு கடிச்ச மாதிரி சுருக்குன்னு இருக்கும், அவ்வளவுதான். அப்பா பக்கத்துலயே நிக்கறேன். இந்தத் தடவ அப்பா வெளிய போவ மாட்டேன். நீ அங்க பாக்காத, எம் மூஞ்சியப் பாரு.

அடுத்த ஸ்டாப்பிங்தான் பெரியாஸ்பத்திரி, வர்றேன் சார். கொஞ்சம் காலு நகத்திக்குங்க. மார்க்கு விஷயத்துல நீங்க ஒரு நாயமும் சொல்லல, பரவால்ல. இந்தப் பொட்டலமா? தேன் மிட்டாய். போட்டோ எடுக்கறப்ப அழுதா வாயில போட்டுக்கலாம்னு வாங்கினேன். ரெண்டு இருக்குது. ஒன்னு இவளுக்கு.